உப்பு ஏறிய பழைய கடல் ரீலைப் பிரித்துச் சரிசெய்வது எப்படி?

கொங்கு நாட்டில் கடல் இல்லை. கடல் ரீலுக்குப் பஞ்சமும் இல்லை. கடல் மீன் பிடிக்கும் தூண்டில் தடியில் நரம்பைச் சுற்றி இழுக்கும் கருவிதான் ரீல்; நரம்பு என்பது தூண்டில் நூல். துபாயிலும் மஸ்கட்டிலும் வேலை பார்த்துத் திரும்பிய மாமாக்கள் பெட்டியில் கொண்டுவந்தது, பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பொன்னானிக்கும் கோழிக்கோட்டுக்கும் தூண்டில் போடப் போனவர்கள் அங்கேயே வாங்கிவந்தது, கோவை உக்கடத்துப் பழைய சாமான் கடையில் மிக்ஸி மோட்டாருக்கும் சைக்கிள் டைனமோவுக்கும் நடுவில் கிடப்பது என்று ஊருக்கு நாலு தேறும். பெரும்பாலும் பரணில் இருக்கும். எடுத்துச் சுற்றினால் கரகரவென்று அரைக்கும், இல்லாவிட்டால் சுற்றவே சுற்றாது. "துருப் புடிச்சுப் போச்சுங்க, எடைக்குப் போட்ருங்க" என்று வீட்டில் சொல்வார்கள்.

அதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கிப் பிரித்துப் பாருங்கள். பழைய கடல் ரீல்களில் தேய்ந்து கெட்டவை குறைவு. உள்ளே தங்கிய உப்பால் கெட்டவையே அதிகம். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சமையல் உப்பே தானாகக் கசியத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு முன்பே ஈரத்தை இழுத்துவிடும். நம் ஊர் காய்ந்த ஊர் என்பதால் "அதான் காஞ்சு போச்சே, இனி என்ன ஆகும்" என்று நினைக்கிறோம். ஆடிக் காற்றில் காய்ந்து கிடக்கும் அதே உப்பு, ஐப்பசி மழை பிடித்ததும் மறுபடி ஈரமாகி உலோகத்தைத் தின்னும். வருடா வருடம் இப்படியே நடக்கும்.

அதனால் இந்த வேலையில் முக்கியமானது ஒன்றுதான்: முதலில் உப்பு வெளியே, அப்புறம்தான் எண்ணெய் உள்ளே. பெரும்பாலானவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். சுற்றவில்லையா, ஓட்டை தெரிந்த இடத்திலெல்லாம் எண்ணெய் விடு. இரண்டு நாள் நன்றாகச் சுற்றும். உப்பின் மேல் எண்ணெய் மூடியதால் அதைக் கழுவி எடுப்பது இனி இன்னும் கஷ்டம்.

எந்த ரீலில் கை வைக்கலாம்

புதியவர்கள் தடிக்கு மேல் உட்காரும் டிரம் ரீலில் தொடங்குவது நல்லது. நட்சத்திர வடிவ டிராக் சக்கரம் வைத்த பழைய மாடல். டிராக் என்பது மீன் இழுக்கும்போது நரம்பு அறுந்துவிடாமல், அது சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலை வழுக்கவிடும் பிரேக். இவ்வகை ரீல்களுக்குள் பாகங்கள் குறைவு, கைக்கு அடக்கமான அளவு, எது எதைத் தள்ளுகிறது என்று கண்ணால் பார்த்தே புரியும். தடிக்குக் கீழே தொங்கும் ஸ்பின்னிங் ரீலை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் பென் (Penn) நிறுவனத்தின் ரீல் கையில் சிக்கினால் அதிர்ஷ்டம். 1932-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஓட்டோ ஹென்ஸி தொடங்கிய நிறுவனம். 1936-இல் வந்த செனட்டர் மாடல் உள்ளே பெரிய மாற்றமில்லாமல் பல பத்தாண்டுகள் ஓடியது. அதனால் உதிரிபாகமும் பாகப் படமும் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. அவர்களுடைய பாக எண்ணில் ஒரு வசதி உண்டு. நடுவில் உள்ள சிறு கோட்டுக்கு முன்னால் உள்ள எண் அது என்ன பாகம் என்று சொல்லும், பின்னால் உள்ளது மாடலைச் சொல்லும். 5 என்றால் பெரிய பல்சக்கரம், 6 என்றால் டிராக் வாசர், 13 என்றால் பினியன், அதாவது பெரிய சக்கரம் சுழற்றும் சின்னப் பல்சக்கரம். உங்கள் மாடலின் படத்தில் வேறொரு மாடலின் எண் போட்டிருந்தால் குழம்ப வேண்டாம். ஒரே பாகத்தைப் பல மாடல்களுக்குப் பயன்படுத்தியிருப்பார்கள்.

வாங்குவதாக இருந்தால் கடையிலேயே நான்கு விஷயம் பாருங்கள். ஸ்பூலைப் பக்கவாட்டில் ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது? பக்கத் தட்டில் மயிரிழை விரிசல் உண்டா? பழைய தட்டுகள் பேக்கலைட், ஒட்டினாலும் நிற்காது. ரீலைத் தடியில் பூட்டும் கால் பகுதி அரித்திருக்கிறதா? எல்லா ஸ்குருவும் இருக்கிறதா, தலை சிதைந்திருக்கிறதா? ஸ்குரு தலை சிதைந்திருந்தால் யாரோ முன்னமே கை வைத்திருக்கிறார்கள், உள்ளே ஒரு ஸ்பிரிங்காவது குறையும். பச்சைக் களிம்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள், பித்தளையில் வரும் களிம்பு போய்விடும். பயப்பட வேண்டியது அலுமினியத்தில் பூக்கும் வெள்ளை மாவு. அதைச் சுரண்டினால் கீழே பள்ளம்தான் இருக்கும்.

சாமான்கள்

நம் பக்கத்தின் பலமே இதுதான். கடற்கரையில் ரீல் அதிகம், நமக்குப் பட்டறை அதிகம். கோவையில் கணபதியிலோ ஆவாரம்பாளையத்திலோ நாலு தெரு சுற்றினால் லேத், பேரிங், ஸ்டெயின்லெஸ் ஸ்குரு, வாசர் என்று எல்லாம் கிடைக்கும்.

ஸ்குரு தலையின் வெட்டுக்குள் இடைவெளியில்லாமல் உட்காரும் திருப்புளிதான் முதல் தேவை. முனை கூம்பியிருக்கும் சாதாரணத் திருப்புளி வழுக்கித் தலையைக் கெடுக்கும். நுனியை எமரிக் கல்லில் இணையாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். பழைய பல் துலக்கி, விளிம்பு உயர்ந்த எவர்சில்வர் தட்டு, வெள்ளைத் துணி, அளவெடுக்க ஒரு வெர்னியர், படம் எடுக்கக் கைபேசி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் அரை லிட்டர். ஆர்.ஓ. மெஷின் சரிபார்ப்பவர்கள் வைத்திருக்கும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் வீட்டில் இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள், அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

கிரீஸ் விஷயத்தில் கொஞ்சம் மெனக்கெடலாம். இருசக்கர வாகனப் பட்டறையின் மஞ்சள் கிரீஸ் ஆபத்துக்கு உதவும், ஆனால் உப்புத் தண்ணீரில் அது சீக்கிரம் வெளுத்துக் கரைந்துவிடும். மரைன் கிரீஸ் என்று கேட்டு வாங்குங்கள். கோழிக்கோடு போகிறவர்கள் பேப்பூர் பக்கம் படகு எஞ்சின் சாமான் கடைகளில் கேட்டுப் பார்க்கலாம். மெல்லிய எண்ணெய்க்குத் திருப்பூர்க்காரர்களுக்குக் கவலையே இல்லை, பனியன் கம்பெனி தையல் மெஷின் ஆயில் ஸ்பூல் பேரிங்குக்கு நன்றாக ஒத்துவரும். நீண்ட நாள் நிற்காது. கடலுக்குப் போகும் முன் ஒரு சொட்டு, வந்ததும் ஒரு சொட்டு என்று விட்டால் சரி.

தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம். பொள்ளாச்சிச் செக்கில் ஆட்டியது என்றாலும் வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறைந்துபோகும். மார்கழிக் காலையில் ரீல் இறுகி நிற்கும். நாளானால் பிசினாகிப் பல்லிடுக்கில் ஒட்டும். பழைய ரீல்களில் பழுப்பு நிறத்தில் தேன்பாகு மாதிரி ஒட்டிக்கிடப்பது பெரும்பாலும் இப்படி யாரோ எப்போதோ விட்ட சமையல் எண்ணெய்தான்.

திறப்பதற்கு முன்

பழைய நரம்பை அறுத்து எடுத்துவிடுங்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று தங்கூசியை மிச்சம் பிடிக்க வேண்டாம். வெயிலிலும் வருடக் கணக்கிலும் நைலான் பலம் இழக்கும். அதன் அடியில்தான் உப்பு அதிகம் அடைந்திருக்கும்.

பிறகு ரீலைச் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வெளிப்புறமாகக் கழுவுங்கள். ஸ்குரு தலைகளைச் சுற்றி ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். டபிள்யூ.டி. 40 இதற்குப் போதும். அது ஸ்குருவை இளக்கத்தான், உயவுக்கு அல்ல. பல்சக்கரத்துக்கு அதையே அடித்து மூடினால் கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

மறுநாளும் ஸ்குரு அசையாவிட்டால் பலம் காட்ட வேண்டாம். ஸ்பேர் கடையில் வால்வ் தேய்க்கும் பேஸ்ட் கிடைக்கும். திருப்புளி நுனியில் கடுகளவு தடவினால் அதிலுள்ள மணல் பிடித்துக்கொண்டு வழுக்காது. அதற்கும் மசியவில்லையா, சால்டரிங் ஐயர்ன் முனையை ஸ்குரு தலையில் அரை நிமிடம் வைத்து, ஆறவிட்டு, மறுபடி எண்ணெய் விட்டு முயலுங்கள். முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு நூல் திருப்பி, அப்புறம் கழற்றும் பக்கம். "கட்" என்று ஒரு சத்தம் கேட்டால் உப்பு விட்டுவிட்டது என்று அர்த்தம். பேக்கலைட் தட்டில் சூடு காட்டும்போது மட்டும் கவனம் தேவை. அது உருகாது, ஆனால் கருகி உதிரும்.

பிரிப்பது

ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் ஒரு படம், எடுத்த பின் ஒரு படம். எடுத்த வரிசையில் துணியில் இடமிருந்து வலமாக வையுங்கள். வாசரின் எந்த முகம் மேலே இருந்ததோ அது மேலேயே இருக்கட்டும்.

முதலில் கைப்பிடி. கைப்பிடி நட்டைப் பூட்டும் சின்ன ஸ்குரு ஒன்று இருக்கும், அதைக் கழற்றாமல் நட்டை முறுக்காதீர்கள். கைப்பிடி வந்ததும் நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி எடுக்கலாம். அதற்கு அடியில் உள்ள குழல், ஸ்பிரிங் வாசர் எல்லாம் வரிசையாக வரும்.

அடுத்து வலப் பக்கத் தட்டு. விளிம்பு வளையத்தைச் சுற்றியுள்ள ஸ்குருக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, எதிரெதிராக இளக்குங்கள். தட்டு விட்டதும் ஸ்பூலைத் தனியாக எடுத்து வையுங்கள். தட்டின் உட்புறம்தான் ரீலின் மூளை: ஒரு பித்தளைப் பாலம், அதன் குழாய் மேல் பெரிய பல்சக்கரம், பக்கத்தில் பினியன், பினியனைத் தூக்கி இறக்கும் கவை.

இந்த இடத்தில் ஒரு பெரிய, கண்ணாடி மாதிரித் தெரியும் பாலிதீன் பைக்குள் ரீலையும் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். பாலத்தின் ஸ்குருக்கள் கழன்றதும் கவைக்கு அடியில் இருக்கும் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகளும், பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் நாயின் ஸ்பிரிங்கும் எம்பும். ஆமாம், அதற்கு நாய் என்றுதான் பெயர். பட்டறையில் போய் "டாக்" என்று சொன்னாலும் புரிந்துகொள்வார்கள். நெல் மணியை விடச் சின்ன ஸ்பிரிங் அது. மொசைக் தரையில் விழுந்தால் தேடுவதற்குள் விடிந்துவிடும்.

இடப் பக்கத் தட்டில் சத்தம் எழுப்பும் கிளிக்கர் மட்டும்தான் இருக்கும். அது ஒழுங்காக இருந்தால் பிரிக்காமல் கழுவினால் போதும்.

உப்பை எடுப்பது

நேரம் அதிகம் பிடிக்கும் கட்டம் இது. அவசரப்பட வேண்டாம்.

முதலில் பழைய கிரீஸ். ஆல்கஹாலில் நனைத்த துணியால் வழித்து எடுங்கள். பெட்ரோல் ஊற்றிக் கழுவும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. வீட்டுக்குள் அது வேண்டாம். பிரேக் கிளீனர் உலோகத்துக்குச் சரி, பிளாஸ்டிக் பாகத்தைக் கெடுக்கும். பிசினாகிப் போன எண்ணெய்க்குச் சோப்பு போட்ட சுடுதண்ணீரும் பல் துலக்கியும் போதும்.

அடுத்து ஊறவைத்தல். எந்தத் தண்ணீர் என்பது முக்கியம். சிறுவாணித் தண்ணீர் வரும் வீடு என்றால் யோசிக்கவே வேண்டாம். பல்லடம், காங்கேயம் பக்கத்துப் போர் தண்ணீர் என்றால் அதுவே உப்பு, காய்ந்ததும் வெள்ளையாகப் படியும்; அவர்கள் கேன் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ பயன்படுத்தலாம். பித்தளை, ஸ்டெயின்லெஸ் பாகங்களை ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வையுங்கள்.

டி.டி.எஸ். மீட்டரின் வேலை இங்கேதான். ஊறவைக்கும் முன் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் எண் ஏறியிருக்கும். ஏறியது பாகத்திலிருந்து வந்த உப்பு. தண்ணீரை மாற்றி மறுபடி ஊறவையுங்கள். எண் ஏறாமல் நிற்கும்போது உப்பு வெளியே வந்துவிட்டது. சோப்பைச் சுத்தமாக அலசிய பிறகே அளக்க வேண்டும், இல்லாவிட்டால் சோப்பையும் சேர்த்துக் காட்டும். மீட்டர் இல்லாதவர்கள் கடைசித் தண்ணீரில் பத்துச் சொட்டைக் கருப்புக் கல் மேல் விட்டுக் காயவையுங்கள். பக்கத்திலேயே வெறும் தண்ணீர் பத்துச் சொட்டு. இரண்டு கறையும் ஒரே மாதிரி இருந்தால் சரி.

பச்சைக் களிம்புக்குக் கடை வினிகர். பித்தளைப் பாகத்தை அதில் போட்டுப் பக்கத்திலேயே இருந்து பாருங்கள், பத்து நிமிடத்துக்குள் இளகும். குத்துவிளக்கு தேய்க்கும் புளிக்கரைசலும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. எடுத்ததும் ஆப்பசோடா கலந்த தண்ணீரில் முக்கி, நல்ல தண்ணீரில் அலசுங்கள். அலுமினியத்துக்குப் புளியும் கூடாது சோடாவும் கூடாது. அதற்குச் சோப்புத் தண்ணீரும் நைலான் பிரஷும் மட்டும்.

இரும்பு ஸ்பிரிங்குகளை ஊறவைக்காதீர்கள், கண் முன்னாலேயே துருவேறும். அலசி, உடனே துடைத்து, ஆல்கஹாலில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் ஈரம் பறந்துவிடும். உலோகப் பாகங்களை மொட்டை மாடி வெயிலில் காயப் போடலாம். பேக்கலைட்டும் பிளாஸ்டிக்கும் நிழலில்.

ஒரு கருத்து. குரோம் பூச்சைப் பஃப் வைத்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. பூச்சு மெல்லியது, தேய்க்கத் தேய்க்கப் பித்தளை வெளியே வரும், அங்கிருந்து மறுபடி களிம்பு தொடங்கும். புது முலாம் பூசக் கோவையில் எத்தனையோ இடம் இருக்கிறது, ஆனால் முலாம் தடித்தால் ஸ்குரு மரையில் ஏறாது. பழையது பழையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

எது பிழைக்கும்

பினியனை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல்லின் முனை தட்டையாக இருக்க வேண்டும். கத்தி மாதிரி கூராகியிருந்தால் தேய்ந்துவிட்டது. பெரிய சக்கரத்தையும் சேர்த்து ஜோடியாக மாற்றுங்கள். புதுப் பினியனைப் பழைய சக்கரத்தோடு போட்டால் சத்தம் அடங்காது. நாயின் மூக்கு உருண்டிருந்தால் மீன் இழுக்கும்போது கைப்பிடி பின்னோக்கிச் சுழன்று விரலைப் பதம் பார்க்கும், அதையும் மாற்ற வேண்டும்.

பல்சக்கரத்தை லேத்தில் செய்யச் சொல்லி நேரத்தை வீணாக்காதீர்கள், வாங்கிவிடுங்கள். லேத்தில் செய்யக்கூடியது ஸ்பூல் தண்டு உட்காரும் பித்தளைப் புஷ், இரண்டு பக்கத் தட்டையும் இணைக்கும் தூண் தொலைந்திருந்தால் அது, கால் பகுதிக்கான ஸ்குரு. மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். "ஏனுங் தம்பி, இது எந்தப் பம்புல வர்றதுங்க?" என்று கேட்பார்கள். மீன் பிடிக்கிற சாமான் என்று சொன்னால் வேலையை விட்டுவிட்டுப் பத்து நிமிடம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். அளவைப் பத்தில் ஒரு மில்லிமீட்டருக்குள் பிடித்துத் தந்துவிடுவார்கள்.

பழைய டிரம் ரீல்கள் பலவற்றில் பேரிங்கே இருக்காது, புஷ்தான். பேரிங் இருந்தால் ஆல்கஹாலில் அலசிக் காயவைத்து விரலில் சுற்றிப் பாருங்கள். கரகரப்பு போகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். வெர்னியரில் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். மில்லிமீட்டரில் 5, 16, 5 என்றால் பேரிங் எண் 625. 3, 10, 4 என்றால் 623. ஸ்டெயின்லெஸ் என்று கேட்க மறக்காதீர்கள். சாதாரண பேரிங் பம்புக்குச் சரி, கடலில் ஒரே பயணத்தில் சிவந்துவிடும்.

டிராக் அடுக்கு

ரீலின் உயிர் இங்கேதான். பெரிய பல்சக்கரம் கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும். அந்தக் குழிக்குள் வாசர்கள் அடுக்காக இருக்கும். உலோக வாசரில் இரண்டு வகை. ஒன்றுக்கு நடு ஓட்டையில் நேர்க்கோடு வெட்டியிருக்கும். அது குழாயின் தட்டையான பக்கத்தில் மாட்டிக் கைப்பிடியோடு சேர்ந்து நிற்கும். இன்னொன்றுக்கு வெளி விளிம்பில் இரண்டு காது. அவை சக்கரத்தின் வெட்டில் உட்கார்ந்து சக்கரத்தோடு சுழலும். இவற்றுக்கு நடுவே உராயும் வாசர்கள். நட்சத்திரத்தை இறுக்கினால் அடுக்கு நெருங்கி உராய்வு கூடும், அவ்வளவுதான்.

மூன்று உராய் வாசர் கொண்ட அடுக்கில் வரிசை கீழிருந்து மேலாக இப்படி: உராய் வாசர், ஓட்டை வெட்டியது, உராய் வாசர், காது வைத்தது, உராய் வாசர், கடைசியாக மறுபடி ஓட்டை வெட்டியது. ஒரே வகை உலோகம் இரண்டு பக்கமும் வந்தால் அங்கே உராய்வே இருக்காது. டிராக் பிடிக்கவில்லை என்று வரும் ரீல்களில் யாராவது வரிசையை மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்க்க வேண்டும்.

உலோக வாசர்களைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்து விரலால் அழுத்துங்கள். ஆடினால் வளைந்திருக்கிறது. லேசான துருவோ கறையோ இருந்தால் கண்ணாடியின் மேல் 600 நம்பர் உப்புத்தாளை விரித்து, தண்ணீர் விட்டு, எட்டுப் போட்டுத் தேய்த்தால் சமமாகும்.

பழைய உராய் வாசரைத் தேய்க்கவோ ஊதவோ கூடாது. மிகப் பழைய ரீல்களில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்த வாசர் இருக்க வாய்ப்புண்டு. ஈரத் துணியால் எடுத்து, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். அதற்குப் பதில் கார்பன் ஃபைபர் வாசர் போடுவதுதான் இந்த வேலையிலேயே அதிகப் பலன் தரும் செலவு. பென் ரீல்களுக்கு எச்.டி. 100 என்ற பெயரில் வருகிறது. டிராக்குக்கு என்றே விற்கும் டெஃப்லான் கலந்த கிரீஸை விரல் நுனியில் எடுத்து, வாசர் முகம் பளபளக்கும் அளவுக்குத் தேய்த்து, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் சூட்டில் இளகிச் சில சமயம் வழுக்கும், சில சமயம் ஒட்டும். தோல் வாசர் நல்ல நிலையில் இருந்தால் அப்படியே விடலாம், கெட்டியான தோலில் வெட்டியும் போடலாம். வறண்டுபோகாமல் எண்ணெய் காட்ட வேண்டும்.

திரும்ப மாட்டுவது

எடுத்த படங்களைக் கடைசியிலிருந்து பார்த்துக்கொண்டே போனால் போதும். பல்லுக்கு இடையே கிரீஸ் மெல்லிய படலமாக இருக்கட்டும். அப்பி வைத்தால் சுற்றக் கனக்கும். நாய்க்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் கிரீஸ் வேண்டாம், ஒரு சொட்டு எண்ணெய் போதும். கிரீஸ் குளிரில் இறுகினால் நாய் கடிக்காது.

தாராளமாகப் போட வேண்டிய இடங்கள் வேறு. ஒவ்வொரு ஸ்குருவின் மரையிலும் மரைன் கிரீஸ் தொட்டு மாட்டுங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்குருவும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் சேர்ந்தால் பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் கரையும். இடையில் கிரீஸ் இருந்தால் தண்ணீர் புகாது. பக்கத் தட்டின் உட்புறம், வளையத்தின் அடிப்புறம், கால் பகுதியின் அடி எல்லாவற்றிலும் ஒரு பூச்சு. பேக்கலைட்டில் ஸ்குருவை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் கால் திருப்பு கூட வேண்டாம்.

ஸ்பின்னிங் ரீலுக்கும் இதே முறைதான். கூடுதலாக இரண்டு விஷயம். ஸ்பூலைச் சுற்றிவந்து நரம்பை ஏற்றும் ரோட்டரைப் பிடிக்கும் நட்டு சில மாடல்களில் தலைகீழ் மரையாக இருக்கும், பாகப் படத்தைப் பார்க்காமல் பலம் காட்டாதீர்கள். நரம்பு ஓடும் உருளை சுழல்கிறதா என்று பாருங்கள். அது நின்றுவிட்டால் நரம்பு ஒரே இடத்தில் அறுத்துப் பள்ளம் போடும், அப்புறம் பள்ளம் நரம்பை அறுக்கும்.

வாளிச் சோதனை

நரம்பு சுற்றும்போது பழைய பேக்கலைட், பிளாஸ்டிக் ஸ்பூல்களில் தங்கூசியை ரொம்ப இழுத்துச் சுற்றாதீர்கள். இழுபட்டு நீண்ட நரம்பு மறுபடி சுருங்கும்போது அடுக்கடுக்காக அழுத்தி ஸ்பூலையே உடைத்துவிடும். உலோக ஸ்பூலுக்கு அந்தக் கவலை குறைவு.

டிராக்கை நரம்பின் பலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வைப்பது வழக்கம். 30 பவுண்டு நரம்பு என்றால் 13.6 கிலோ, டிராக் 4 கிலோ அளவில். ஒரு வாளியில் மூன்றரை லிட்டர் தண்ணீர் விட்டால் வாளியோடு சேர்த்து 4 கிலோ வரும். லக்கேஜ் தராசில் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிடுங்கள். ரீலைத் தடியில் பூட்டி, மாடியிலிருந்து நரம்பில் வாளியைத் தொங்கவிட்டு, நட்சத்திரத்தை மெதுவாக இளக்குங்கள். வாளி ஒரே சீராக இறங்க வேண்டும். நின்று நின்று குதித்து இறங்கினால் ஏதோ ஒரு வாசர் வளைந்திருக்கிறது, இல்லையென்றால் அடுக்கில் அழுக்கு இருக்கிறது. அந்தக் குதியில்தான் கடலில் நரம்பு அறும். தடியை 45 டிகிரி சாய்த்துப் பிடித்தால் வளையங்களின் உராய்வும் சேரும் என்பதால், நேராகத் தொங்கவிட்டு ஒருமுறை, தடியோடு ஒருமுறை பாருங்கள். கீழே யாரும் நிற்கவில்லையே என்றும் பாருங்கள்.

கடலுக்குப் போய்வந்தால்

பொன்னானியிலிருந்து வீடு வர அரை நாள், ராமேஸ்வரம் என்றால் ஒரு இரவு. வந்த அலுப்பில் ரீலைப் பையோடு மூலையில் வைத்துவிடுவதுதான் எல்லாத் தொல்லைக்கும் தொடக்கம். கிளம்பும் இடத்திலேயே ஒரு பாட்டில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி, குழாயை மெதுவாகத் திறந்து, தூறல் மாதிரி விழும் தண்ணீரில் காட்டுங்கள். வண்டி கழுவும் பிரஷர் பம்பு உப்பை உள்ளே தள்ளிவிடும். வாளியில் முக்கி வைப்பதும் அப்படியே. துடைத்து, நிழலில் காயவைத்து, டிராக்கை முழுவதும் இளக்கி வையுங்கள். இறுக்கியே வைத்தால் வாசர்கள் அழுந்தி ஒட்டிக்கொள்ளும்.

வைக்கும் பை துணிப்பையாக இருக்கட்டும். பாலிதீன் உறை ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்கு அடியில் உள்ள பரணும் வேண்டாம், சூட்டில் கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வழிந்துவிடும்.

வருடத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரித்துப் பார்க்க நல்ல சமயம் தானாகவே வருகிறது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம்; கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை இழுவைப் படகுகளுக்குத் தடை, தென்மேற்குப் பருவமழையில் கரையோரக் கடலும் கொந்தளிப்பாகத்தான் இருக்கும். படகில் போகிறவர்களுக்கு அந்த மாதங்களில் வேறு வேலை இல்லை. உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் தடைக்காலம் தொடங்கும்போதே பிரித்துப் பார்த்து எழுதிப் போட்டுவிடுங்கள். டிராக் வாசர் ஒரு செட்டும் நாயின் ஸ்பிரிங் இரண்டும் கூடுதலாக வாங்கி, எந்த மாடலுடையது என்று எழுதி ஒட்டிய மாத்திரை டப்பியில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.